5,000 எப்படி 904 ஆகிறது?

ஒருவர் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கிறது. இரும எண்ணில் அது 1001110001000. இடது ஓரத்தில் உள்ள 1 மட்டும் 0 ஆகிவிட்டால் மிச்சம் 904. வட்டில் ஒரே ஒரு பிட் புரண்டதில் 4,096 ரூபாய் காணோம். 904-உம் முறையான எண்தான் என்பதால் டேட்டாபேஸ் அதைச் சந்தேகப்படாமல் எடுத்துக் கொடுத்துவிடும். சர்வர் படுத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். இது தெரியாது, எனக்கு இதுதான் பெரிய பயம்.

இதைப் பிடிக்கத்தான் செக்சம் என்னும் சரிபார்ப்பு எண். டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லையே எடுத்துக்கொள்வோம். அது தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தை வட்டுக்கு அனுப்பும் முன், அதிலுள்ள பைட்டுகளையெல்லாம் பெருக்கிக் கலந்து 16 பிட் எண்ணாகச் சுருக்கி, பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதிவிடும். வட்டிலிருந்து வாசிக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும். விடை மாறினால் பிழை காட்டி நின்றுவிடும்; கெட்ட எண்ணைக் கையில் தராது. இந்தக் கணக்கில் பக்கத்தின் வரிசை எண்ணையும் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது. 57ஆம் பக்கம் தவறிப்போய் 75ஆம் இடத்தில் எழுதப்பட்டால், உள்ளே ஓர் எழுத்துகூட மாறாவிட்டாலும் மாட்டிக்கொள்ளும்.

2013இல் வந்த 9.3 பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. ஆனால் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் புதிய நிறுவல்களுக்குத் தானாகவே கிடைக்கத் தொடங்கியது. பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் இது இயங்குகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

சரி, எல்லாமே பிடிபடுமா? வாசித்தால்தானே சோதனை. ஐந்து வருடமாக யாரும் திறக்காத பில் கெட்டுப்போனால், அது அப்படியே கிடக்கும். அதற்குள் நல்ல பிரதி இருந்த பழைய பேக்கப்பை நாமே அழித்திருப்போம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லோடு வரும் பிஜி_பேஸ்பேக்கப் என்ற கருவி கொண்டு பேக்கப் எடுத்தால் அது பக்கம் பக்கமாகச் சோதித்துக்கொண்டே போகும். வெறுமனே கோப்புகளை நகலெடுத்தால் கேடும் சேர்ந்தே நகலாகும். செக்சம் போடுவதற்கு முன்பே நினைவகத்தில் பிட் புரண்டாலும் தப்பிவிடும். அதற்கு, புரண்ட பிட்டைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி நினைவகம்தான் வழி.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. வட்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுதாமலே விட்டுவிடும். பழைய பக்கம், அதில் பழைய செக்சம். இரண்டும் அழகாகப் பொருந்தும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இதை வேறு மாதிரி யோசித்தது. ஒரு பிளாக்கின் (தரவுத் துண்டின்) செக்சத்தை அதற்குள்ளேயே வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. கீழே பழைய சரக்கு கிடந்தால் மேலே இருக்கும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.