ஒரு நிமிட ஒலி, அரை மணி நேர வேலை

எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுகிறோம். பேச்சில் யாரும் விடுவதில்லை. ஒருவர் பேசியதைப் பதிவுசெய்து ஒலியலையாகத் திரையில் விரித்துப் பாருங்கள். வெற்றாகத் தெரியும் இடங்களில் பல சொல்லின் நடுவிலேயே இருக்கும். ப, ட, க போன்ற வல்லின ஒலிக்காக வாய் ஒரு கணம் அடைபடும் இடங்கள் அவை. சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது மூளையின் வேலை. தாய்மொழியில் அது நமக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

பாடப்புத்தகம் வைத்துத் தமிழ் கற்ற ஒருவரிடம் ‘என்ன பண்ணிட்டிருக்க?’ என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார். அவர் படித்தது ‘பண்ணிக்கொண்டிருக்கிறாய்’. ஆங்கிலத்தில் நமக்கும் இதே கதைதான். ‘ஐ வுட் ஹவ் டோல்ட் ஹிம்’ என்பதன் ஐந்து சொற்களும் நமக்குத் தெரியும். பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலித்தொடரில் அது ‘ஐடவ் டோல்டிம்’ என்று வருகிறது. காதில் விழுந்தது இரண்டு சொல், இரண்டுமே எந்த அகராதியிலும் இல்லை.

‘ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்’ என்று பழியை வேகத்தின் மேல் போடுகிறோம். சரி, வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பார்ப்போம். செயலி ஒலியை நொடியில் நூற்றில் சில பங்கு நீளமுள்ள துணுக்குகளாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி இடம் மாற்றி அடுக்கி நீட்டுகிறது. அதனால்தான் குரல் கட்டையாவதில்லை. ஆனால் ஒட்டிய சொற்கள் பிரிவதும் இல்லை. ‘ஐடவ்’ என்பது இழுத்துச் சொன்ன ‘ஐடவ்’ ஆகிறது, அவ்வளவுதான். 1959-இல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு வேறு வகை. அதில் மனிதர்களே சொற்களைக் குறைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார்கள். தொடக்கத்துக்கு அது நல்லது. அங்கேயே தங்கிவிட்டால், யாரும் பேசாத ஓர் ஆங்கிலத்துக்குக் காது பழகிவிடும்.

மூளை எப்படித்தான் பிரிக்கிறது? 1996-இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் என்ற மூன்று ஆய்வாளர்களும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத மூன்றசைச் சொற்களை இடைவெளியே இல்லாமல் கோத்து இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் சொற்களைப் பிரித்தறிந்தன. திரும்பத் திரும்ப வருவதுதான் துப்பு. ஒரே தொகுப்பாளர் வாராவாரம் தன் வழக்கமான தொடர்களோடு பேசும் பாட்காஸ்ட்டில் இந்தத் துப்பு நிறையவே கிடைக்கிறது.

அப்படியானால் நாள் முழுக்க ஓடவிட்டால் போதாதா? நானும் ஒரு பிரெஞ்சு பாட்காஸ்ட்டை மாதக்கணக்கில் வேலைக்கு நடுவே ஓடவிட்டேன். அறிமுக இசை மட்டும் மனப்பாடமானது. கேட்ட ஒலியை மனம் சும்மா தாங்கி வைத்திருப்பது ஏறக்குறைய இரண்டு நொடிதான். அதற்குள் பிரித்து முடிக்காவிட்டால் அடுத்த வாக்கியம் வந்து அதை அழித்துவிடும். நேரில் பேசுபவரை ஒரே வாக்கியத்துக்காக ஏழு முறை நிறுத்த முடியாது, பாட்காஸ்ட்டை நிறுத்தலாம்.

எனவே ஒரே ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததை எழுதுங்கள். விழாத இடத்தில் கோடு போடுங்கள். அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். கோடு விழுந்த இடங்களில் கடினமான சொற்களைவிட ‘வுட்’, ‘ஹவ்’ போன்ற பொடிச் சொற்களே அதிகம் இருக்கும். மறுபடி அதே இடத்தைக் கேட்டால் ‘ஐடவ்’வுக்குள் மூன்று சொற்களும் ஒலிக்கும். ஒலி மாறவில்லை, காது மாறியிருக்கிறது. வகுப்புகளில் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. கேட்கவைத்துவிட்டு ‘அவர் எங்கே போனார்?’ என்று கேள்வி கேட்கிறார்கள். பிடிபட்ட நாலு சொல்லை வைத்து ஊகித்தே மாணவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார், ஓட்டைகள் அப்படியே இருக்கும். ஆசிரியர் திருத்த வேண்டியது அந்தக் கோடுகளைத்தான்.

ஒரே குரலோடு நின்றுவிடவும் கூடாது. ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ ஒலிகள் ஜப்பானியர் பலருக்குப் பிரிந்து கேட்பதில்லை, நம் ல, ள, ழ பிறருக்குக் குழம்புவதைப் போல. 1990-களின் தொடக்கத்தில் உளவியலாளர் டேவிட் பிசோனியின் குழு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பல குரல்களில் பயின்றவர்கள் புதுக் குரலிலும் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். ஒரே குரலில் பயின்றவர்கள் புதுக் குரலில் தடுமாறினார்கள். 1997-இல் ஆன் பிராட்லோவும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றையும் காட்டினார்கள்: காதுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தும் உச்சரிப்பு மேம்பட்டது.

வாய்க்கும் நேரடியாக வேலை கொடுக்கலாம். ஒலி ஓடும்போதே ஒரு நொடி பின்தங்கி, நிழல் போலக் கூடவே சொல்லிக்கொண்டு போவதை ஷேடோயிங் என்கிறார்கள். தாளம் ஒட்டுவது இதில்தான். நாம் ஆங்கில அசைகளை ஏறத்தாழ சம அளவில் உச்சரிக்கிறோம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களோ சிலவற்றை அழுத்திச் சிலவற்றை விழுங்குகிறார்கள். விழுங்கிப் பழகிய வாய்க்குச் சொந்தக்காரர் அடுத்தவர் விழுங்குவதையும் எளிதில் கேட்கிறார். போனில் பதிவுசெய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் இது கிளிப்பேச்சுதான். கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எழுதியது நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் கேட்டு நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள், பேசும்போது இலக்கணத்தில் சறுக்கினார்கள். கேட்பவருக்குக் குத்துமதிப்பாகப் புரிந்தால் போதும். பேசுபவர் காலம், இடம், விகுதி எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அதனால் கடைசியாக, அந்த ஒரு நிமிடத்தை மூடிவைத்துவிட்டு உங்கள் சொற்களில் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். வகுப்பென்றால் இருவருக்கும் வேறு வேறு எபிசோடு கொடுக்கலாம். அப்போதுதான் கேட்பவருக்கும் கேள்வி கேட்க நிஜமான காரணம் இருக்கும். எங்காவது சிக்கிக்கொள்வீர்கள். ‘அவனிடம் சொல்லியிருப்பேன்’ என்று சொல்ல வேண்டும், ஆங்கிலம் வராது. திரும்பிப் போய் ஒலியை ஓடவிடுவீர்கள். இருபதாவது நொடியில் அவர் சொல்லிக்கொண்டிருப்பார்: ‘ஐடவ் டோல்டிம்.’