தீயால தோணி செதுக்குனவங்க

"மரத்து மேல தீ வெச்சா மொத்த மரமும் எரிஞ்சு சாம்பலாத்தானே ஆகும், அதுல எப்படிங்க தோணி வரும்?"ன்னு ஒரு பழைய படத்தப் பாத்துட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கார். அவர் பாத்த படம் எனக்கும் ரொம்பப் பிடிச்ச படம். இன்னைக்கு அமெரிக்காவோட வட கரோலினா கடற்கரையா இருக்குற பகுதியில வாழ்ந்த அல்கான்கியன் பழங்குடி மக்கள் ஒரே அடிமரத்தக் குடைஞ்சு தோணி செய்யுற காட்சி அது, 1590ல ஃப்ராங்க்ஃபர்ட்ல தியோடோர் டி பிரை செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சது. அந்த வரிசையில பல படங்களுக்கு மூலம் 1585ல அதே கடற்கரையில இருக்குற ரோனோக் தீவுக்குப் போன ஆங்கிலேய ஓவியர் ஜான் வைட் வரைஞ்ச வாட்டர்கலர் படங்கள், அதெல்லாம் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இந்தத் தோணிப் படத்துக்கு மட்டும் வைட் வரைஞ்ச மூலம் நம்ம கைக்கு வந்து சேரல. டி பிரை பட்டறையில மூஞ்சியெல்லாம் ஐரோப்பியச் சாடைக்கு மாத்தியிருக்காங்க, அதனால முகத்த விட்டுட்டு கை செய்யுற வேலையப் பாருங்க.

பின்னாடி நிக்கிற மரத்தோட அடியில தீ, கோடாலியே இல்லாம மரம் சாயுது. முன்னாடி கவைக்கம்பு நட்டு அதுமேல அடிமரத்தத் தூக்கி வெச்சிருக்காங்க, முதுகு வளையாம நின்னு வேலை செய்யலாம். மேல தீ, பக்கத்துலயே சிப்பி ஓட்டால சுரண்டுற ஆள். வைட் கூடப் போன தாமஸ் ஹாரியட் படத்துக்கு எழுதின விளக்கத்துலயும் இதேதான்: எரிப்பாங்க, அணைப்பாங்க, சுரண்டுவாங்க, திரும்ப எரிப்பாங்க.

சரி, ஏன் மொத்தமா எரியல? மரம் எரியுதுன்னு நாம சொன்னாலும் சுடர் விட்டு எரியுறது சூட்டுல மரம் சிதைஞ்சு வெளிய வர்ற வாயுதான், ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. வாயு போனதும் மிச்சம் நிக்கிறது கரி. இந்தக் கரிதான் கதாநாயகன். மரமே சூட்ட மெதுவாத்தான் கடத்தும், கரி அதவிட மெதுவா கடத்தும், அதனால மேல தீ கொழுந்து விட்டாலும் அடியில இருக்குற மரத்துக்கு ஒரு போர்வை போத்தின மாதிரி ஆயிடுது. கரியும் மரமும் சேருற கோட்டுல ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் இருக்கும், ஆனா அங்கேர்ந்து 3, 4 சென்டிமீட்டர் உள்ள போனா மரம் தீ இருக்குறதே தெரியாத மாதிரி கிடக்கும், பச்சை மரம்னா உள்ள இருக்குற ஈரம் வேற ஆவியாகுறதுக்கே நிறைய சூட்டக் குடிச்சிடும். ஐரோப்பாவுல மரக் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு கணக்கு போடுறப்ப ஊசியிலை மரத்துல கரி உள்ள இறங்குற வேகத்த நிமிஷத்துக்கு 0.65 மில்லிமீட்டர்னுதான் எடுத்துக்குறாங்க, ஒரு மணி நேரத்துக்கு 4 சென்டிமீட்டர் கூட இல்ல.

இப்ப சிப்பி எதுக்குன்னு புரியுதா? கரிய விட்டுவெச்சா தீ மெதுவாகும், சுரண்டிட்டா புது மரம் தீக்கு நேரா வந்து வேகம் கூடும். மரம் வெட்டுறதுக்கு இரும்பே வேணாம், கரி நகத்தால கீறினாலே உதிரும், அதுக்கு சிப்பி தாராளமா போதும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். தட்டையான மரப்பரப்புல வெச்ச தீ தானா அணைஞ்சு போகப் பாக்கும், ஏன்னா சூடு மேல, பக்கத்துலன்னு சிதறிப் போயிடுது (ஒத்த விறகு நின்னு எரியாது, ரெண்டு விறகு சேத்து வெச்சாத்தான் எரியும், அதே காரணம்). ஆனா பள்ளம் ஆழமாக ஆழமாக ரெண்டு பக்கச் சுவரும் ஒண்ண ஒண்ணு பாத்து சூட்ட வீசிக்கும், தீக்கு வெறி பிடிக்கும். அதாவது ஆரம்பத்துல தீய உசுப்பிவிடணும், பின்னாடி அடக்கணும். அடக்கத்தான் ஹாரியட் சொல்ற அந்த அணைக்கிற வேலை. உசுப்பத்தான் பிசின். 1584ல அங்க போன ஆர்தர் பார்லோ எழுதினது என்னன்னா, எங்க இன்னும் ஆழமா அகலமா வேணுமோ அங்க பிசினப் போடுவாங்களாம், அந்த இடம் மட்டும் எரிஞ்சு இறங்குமாம், இப்படிச் செஞ்ச தோணி 20 பேரத் தாங்குமாம். தீய உளி மாதிரி பிடிச்சிருக்காங்க, பிசின்தான் அதோட கைப்பிடி! இதப் பாத்துட்டு 'நாகரிகம் இல்லாதவங்க'ன்னு எழுதினவங்க மேல எனக்கு இன்னமும் கோவம் வருது.

படத்த நம்பலாமான்னு கேட்டா சாட்சி தண்ணிக்குள்ளயே கிடந்துச்சு. 1985ல அதே வட கரோலினாவுல ஃபெல்ப்ஸ் ஏரியில தண்ணி இறங்கினப்ப பழைய மரத் தோணிகள் தெரிய ஆரம்பிச்சு, மொத்தம் 30 வரைக்கும் கண்டுபிடிச்சாங்க. அதுல பழசுக்கு வயசு ஏறக்குறைய 4,400 வருஷம், நீளமானது 11 மீட்டர் இருக்கும், செஞ்சது சைப்ரஸ் மரத்துல. வைட் படம் வரையுறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடியே கைக்கு வந்த வேலை.

இந்த மாதிரி பழைய தொழில்நுட்பத்தத் திரும்பச் செஞ்சு பாக்குற ஆராய்ச்சிய விளையாட்டுன்னு நினைச்சு பணம் ஒதுக்க யோசிக்கிறாங்க, அது தப்புன்னு நான் உறுதியா நம்புறேன். ஒரு பச்சை சைப்ரஸ் அடிமரம், கொஞ்சம் பிசின், சென்டிமீட்டருக்கு ஒண்ணா உள்ள சொருகின வெப்பமானி, இவ்வளவுதான் செலவு. பிசின் விழுந்த இடத்துலயும் விழாத இடத்துலயும் கரி இறங்குற வேகத்த பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு கிராஃபா பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.