ஈயக் குண்டுக்கு எவ்வளவு மருந்து?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்களில் ஒரு பிரிவினர் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் தூக்கி எறிவதில்லை. பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்து, அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடியான பிரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே ஒரு குண்டைச் செருகி மறுபடியும் தோட்டாவாக்கிவிடுகிறார்கள். அவர்களிலும் சிலர் ஈயத்தை உருக்கி, குண்டைக்கூட அச்சில் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். இவர்களுடைய முதல் கேள்வி, எவ்வளவு மருந்து போடுவது என்பதுதான். கிரெயின் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அதாவது ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் குறைவான இந்த எடையில் தவறு நடந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மருந்து எரியும் விதத்திலிருந்து தொடங்கலாம். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அது எரியும் வேகம் சூழ்ந்திருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது என்பதையும் அவரே கணக்கிட்டுச் சொன்னார். அழுத்தம் கூடினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் வாயு அதிகமாகி அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழலுக்குக் கடிவாளம் குண்டுதான். அது முன்னால் நகர நகர வாயுவுக்கு இடம் கிடைக்கிறது, அழுத்தம் தணிகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது.

அப்படியானால், குண்டு எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பது முக்கியமாகிறது. குழலின் உட்சுவரில் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அவற்றில் தன்னை அழுத்திப் பதித்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். செம்பு உறை போட்ட குண்டுக்கு இதற்கு அதிக விசை தேவை. வெறும் ஈயம் மென்மையானது, சீக்கிரம் பதிந்து நகர ஆரம்பித்துவிடும். அதே கூடு, அதே மருந்து, அதே எடைக் குண்டு என்றாலும் அழுத்தம் ஏறி இறங்கும் வளைகோடு மாறிவிடுகிறது. அதற்கு மேல், வார்த்த குண்டின் வடிவமும் நீளமும் வேறு என்பதால் கூட்டுக்குள் இறங்கும் ஆழமும் வேறாகிறது. ஆழமாக இறங்கினால் உள்ளே காலியிடம் குறையும், அழுத்தம் எகிறும். உறைக் குண்டுக்கான எண்ணை எடுத்து ஈயக் குண்டுக்குப் போடக் கூடாது என்று அனுபவஸ்தர்கள் கறாராகச் சொல்வதற்கு இவைதான் காரணங்கள்.

சரி, ஈயம் என்றால் எந்த ஈயம்? உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் சுத்த ஈயம் 5 அளவில்தான் இருக்கும். 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்ற தனிமம் சேர்த்தால் 15க்குப் போகும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள, தோட்டா தயாரிக்கும் கருவிகளைச் செய்யும் லைமன் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் இரண்டாம் எண் கலவை இதுதான். பழைய செய்தித்தாள் அச்சகங்களில் எழுத்து வரிகளை வார்த்த லைனோடைப் உலோகம் 22 வரை வரும். அந்த இயந்திரங்கள் ஓய்ந்த பிறகு மிஞ்சிய உலோகத்தைக் குண்டு வார்ப்பவர்கள் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆன்டிமனி கலந்த ஈயம் வார்த்த பிறகும் மெல்ல மெல்ல இறுகும். இன்று வார்த்ததும் இரண்டு வாரம் கழிந்ததும் ஒரே குண்டு அல்ல.

கடினமாக இருந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் குண்டின் அடிப்பகுதி வாயுவின் அழுத்தத்தில் சற்றே விரிந்து குழலை அடைத்துக்கொண்டால்தான் வாயு பக்கவாட்டில் கசியாது. குழலுக்குச் சிறியதாகவும் இருந்து, விரியாத அளவுக்குக் கடினமாகவும் இருந்தால், கொதிக்கும் வாயு இடுக்கில் புகுந்து ஈயத்தை அரித்து குழலுக்குள் பூசிவிடும். அளவுக்கு மீறி மென்மையாக இருந்தாலும் சிக்கல்: பள்ளங்களில் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

இனி அழுத்தத்தை அளக்கும் கதை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது. 1860களில் பிரிட்டனின் ஆண்ட்ரூ நோபிள் ஒரு வழி கண்டார். சோதனைக் குழலின் பக்கத்தில் துளையிட்டு, அதில் ஒரு சிறு உந்துதண்டை வைத்து, அதற்கு மேல் ஒரு செம்பு உருளையை வைப்பார்கள். சுட்டதும் உருளை நசுங்கும். எவ்வளவு நசுங்கியது என்று அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு அழுத்தத்தைச் சொல்வார்கள். எளிமையான, அழகான முறை. ஆனால் செம்பு நசுங்குவதற்கும் நேரம் வேண்டும். உச்சி அழுத்தமோ கண நேரம்தான் நிற்கிறது. அதனால் அது பெரும்பாலும் குறைத்தே காட்டும். இப்போது குவார்ட்ஸ் போன்ற படிகங்களைப் பயன்படுத்துகிறார்கள். அழுத்தினால் படிகத்தில் மின்னூட்டம் பிறக்கும் என்பதை ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடித்தார்கள். படிகம் உச்சியை மட்டுமல்லாமல் முழு வளைகோட்டையும் வரைந்து காட்டிவிடுகிறது.

இரண்டு முறைகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அமெரிக்காவில் 1926இல் தொடங்கிய துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் சங்கமான சாமி (SAAMI) வகுத்த வரம்பின்படி, .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்குமே செம்பு அளவில் உச்சவரம்பு 52,000. படிக அளவிலோ முதலாவதுக்கு 55,000, இரண்டாவதுக்கு 62,000 பவுண்டு, சதுர அங்குலத்துக்கு. பழைய .45-70 தோட்டாவுக்கு இரண்டிலும் 28,000தான். இதைப் பெருக்கு, அதை வகு என்று ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் பொதுவான சூத்திரம் கிடையாது. அப்புறம், பழைய கையேட்டில் செம்பு அளவில் இருக்கும் எண்ணைப் புதிய வரம்போடு ஒப்பிட்டு ‘இன்னும் இடம் இருக்கிறதே’ என்று மருந்தைக் கூட்டுபவர் எவ்வளவு பெரிய ஆபத்தில் கால் வைக்கிறார் என்று யோசியுங்கள்.

மருந்தின் பெயரும் ஏமாற்றும். ஐஎம்ஆர் 4895, எச்4895 என்று இரண்டு மருந்துகள் உண்டு. எண் ஒன்று, மருந்து வேறு, எரியும் வேகமும் வேறு. ஒன்றுக்கான அளவை மற்றதில் போடக் கூடாது.

ஆகவே நம்பத்தக்க பக்கம் என்பது, எந்த அச்சில் வார்த்த குண்டு, என்ன கலவை, தோட்டாவின் மொத்த நீளம் எவ்வளவு, எந்தக் குழலில் சுட்டார்கள், எப்படி அளந்தார்கள் என்று சொல்லும் பக்கம். 1878இலிருந்து இருக்கும் லைமன், வார்ப்புக் குண்டுகளுக்கென்றே தனிக் கையேடு வெளியிடுகிறது. மருந்து தயாரிப்பாளர்களும் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிடுகிறார்கள். யாரோ ஒருவர் ‘என் துப்பாக்கியில் இது நன்றாக வேலை செய்கிறது’ என்று சொல்லும் எண்ணில், அழுத்தமானி எதுவும் சம்பந்தப்பட்டிருக்காது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவருடைய கலவையும் குழலும் உங்களிடம் இல்லையே.

கையேட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் உச்ச அளவோடு தொடக்க அளவும் இருக்கும். அந்தக் கீழ் எண்ணில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற வேண்டும். அதற்கும் கீழே போனால் இன்னும் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். எச்110 போன்ற மருந்துகளை ஓரளவுக்கு மேல் குறைத்தால் அவை சீராக எரிவதில்லை. குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், வெளியேற வழியில்லாமல் வாயு குழலையே பிளந்துவிடும்.