சம்பள நாளில் எழும் அலை

பல்லடம், சோமனூர் பக்கத்துத் தறிக்குடோன்களில் சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வரும்போது, குடியை விட்டு இரண்டு மாதமான ஒருவருக்கு வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கால் பழகிய சந்துப் பக்கம் திரும்புகிறது. பாட்டிலை அவர் இன்னும் கண்ணால்கூடக் காணவில்லை. சம்பளத்தையும் மதுவையும் பல ஆண்டுகள் சேர்த்தே அறிந்த மூளை, பணத்தைத் தொட்டதுமே ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து வேட்கையைக் கிளப்பிவிடுகிறது. இதை ஊரார் வைராக்கியக் குறைவு என்பது தவறு. இது மூளை கற்றுக்கொண்ட பழக்கம்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இந்த வேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டார்: எழும், உச்சத்தைத் தொடும், நாம் இணங்காவிட்டாலும் தானே தணியும். தியானம் பழக்குவது இந்தக் காத்திருப்பைத்தான். மூச்சைக் கவனித்தபடியே, வேட்கை தொண்டையில் இருக்கிறதா நெஞ்சுக்கூட்டில் இருக்கிறதா, கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்திருப்பவர் அதனோடு மல்லுக்கட்டுவதுமில்லை, அதன் பின்னால் போவதுமில்லை. குடிக்காமலேயே அலை தணியும் ஒவ்வொரு முறையும் மூளை புதுப் பாடம் ஒன்றைக் கற்கிறது. மார்லட்டுடன் பணியாற்றிய சாரா போவனின் குழு 286 பேரிடம் நடத்திய ஆய்வை 2014இல் வெளியிட்டது. எட்டு வாரம் இப்பயிற்சி பெற்றவர்கள், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வேறு முறைகளில் தொடர்சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்த நாள்களே போதையை நாடியிருந்தார்கள்.

ஆனால் தியானத்தில் உட்கார்ந்ததும் முதலில் வருவது அமைதியல்ல. அடகுக்குப் போன நகையும், மகள் முன்னால் விழுந்து கிடந்த இரவும்தான். 'செய்தது தவறு' என்ற எண்ணம் திருத்திக்கொள்ளத் தூண்டும். 'நானே உருப்படாதவன்' என்ற எண்ணமோ தாங்கமுடியாத மன அழுத்தமாகி, அதை மறக்கப் பழைய மருந்தையே கேட்கும். ஒருநாள் தவறி ஒரு கட்டிங் போட்டவர், 'எல்லாம் போயிற்று, இனி என்ன' என்று முழுப் பாட்டிலுக்குப் போவது இதனால்தான் என்று மார்லட் விளக்கினார். தன்னை மன்னிப்பது இந்தச் சங்கிலியை அறுக்கிறது. செய்ததை இல்லையென்று சொல்லாமல், ஈடுசெய்ய வேண்டியதை ஏற்றுக்கொண்டு, தன்னை வெறுப்பதை மட்டும் நிறுத்துவதே அந்த மன்னிப்பு. பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் அறிவுத்திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி, தவத்தோடு சினம் தவிர்த்தல் உள்ளிட்ட அகத்தாய்வையும் சேர்த்தே கற்பித்ததன் பொருத்தம் எனக்கு இங்கேதான் புரிகிறது.

மனைவியின் மன்னிப்பு வேறு. "நகையைத் திருப்பிட்டீங்க, செரி. பட்ட பேச்சைத் திருப்ப முடியுங்களா?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. மன்னிக்கும்படி அவரை உறவினர் கூடி நெருக்குவது கொடுமை என்றே நான் கருதுகிறேன். அதற்கான காலத்தை அவரே தீர்மானிக்கட்டும். அதுவரை கணவர் செய்யக்கூடியது, அந்தக் கேள்வி கிளப்பும் அலையையும் சம்பள நாளின் அலையைப் போலவே எழுந்து ஓடாமல் பார்த்திருப்பது.

இவையெல்லாம் மருத்துவத்துக்குத் துணையே தவிர மாற்றல்ல. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதல் சில நாள்கள் மருத்துவரின் கண்காணிப்பில் கழிய வேண்டும். தியானப் பாயை அதற்குப் பிறகு விரிக்கலாம்.