வால்வு போன இன்ஜினுக்குள் காற்றை விட்டுக் கேட்டால்

“ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வால்வு போய்விட்டதாம். ஹெட்டை மட்டும் சரிசெய்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்ஜினையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி. வால்வுகள் இருப்பது அதில்தான்.) இரண்டு பேரும் எதையாவது அளந்து பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பல இன்ஜின்களில், திறந்த வால்வு நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் மேலேறி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வராமல் பார்த்துக்கொள்வது டைமிங் பெல்ட்டோ செயினோதான். அது அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வு வளையும். சில சமயம் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழும். இதைக் கெட்ட நேரம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு வகையில் சரிதான், கெட்டது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் நேரம்.

முதல் வேலை, சாவியைத் திருப்பாமல் இருப்பது. “ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே” என்ற ஆசையில், உள்ளே கிடக்கும் இரும்புத் துண்டு சிலிண்டர் சுவரை உழுதுவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்னக் கேமராவை விட வேண்டும். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தடம் இருந்தால் வால்வு இடித்திருக்கிறது. அம்மை விழுந்த மாதிரி குழிகள் இருந்தால் துண்டு உள்ளே குதித்து ஆடியிருக்கிறது. உடைந்த துண்டு எதுவும் இல்லையென்றால் அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை: சிலிண்டர் எவ்வளவு காற்றை ஒழுகவிடுகிறது என்று பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்.

பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே அந்தச் சிலிண்டரின் எல்லா வால்வும் மூடியிருக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்றை விடுகிறோம். காற்று வரும் பாதையில் அழுத்தம் காட்டும் இரண்டு கேஜ்கள், நடுவில் அளவெடுத்துத் துளைத்த ஒரு சின்னத் துவாரம். சாமர்த்தியமெல்லாம் அந்தத் துவாரத்தில்தான். சிலிண்டர் துளியும் ஒழுகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் காற்று ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் இல்லாத இடத்தில் அழுத்த இழப்பும் இல்லை. இரண்டு கேஜும் 100 காட்டும். ஒழுகினால் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், ஓடுகிற காற்று துவாரத்தில் அழுத்தத்தை இழக்கும், இரண்டாவது கேஜ் இறங்கும். தொடராக இணைத்த இரண்டு மின்தடைகள் மின்னழுத்தத்தைப் பங்குபோடுவதைப் படித்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. கேஜ் 90 காட்டினால் 10 சதவீதக் கசிவு. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளில் வெட்டு இருப்பதால் நல்ல இன்ஜினும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். வால்வு நன்றாக வளைந்திருந்தால் முள் எழுந்திருக்கவே யோசிக்கும்.

எண்ணை விட எனக்குப் பிடித்தது சத்தம். உள்ளே போன காற்று எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் ‘உஸ்’ என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சீறுகிறதா, ரிங்கோ பிஸ்டனோ அடிவாங்கியிருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது எங்கோ விரிசல். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது! ஒரு எச்சரிக்கை: 8 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டன் மீது அந்தக் காற்று சுமார் 350 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் திடீரென்று சுழலும்; அதில் மாட்டிய ஸ்பேனரும் கூடவே சுழலும். கையை எடுத்துவிடுங்கள்.

இந்தச் சோதனைக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு லேசாக வளைந்திருந்தாலும் சிலிண்டர் காற்றை நன்றாகவே பிடித்து வைக்கும். அதனால் ஹெட்டை இறக்கிய பிறகு ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு உயரம் வருகிறது என்று டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் அந்த ராடு குட்டையாகிவிட்டது, அதாவது வளைந்துவிட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக மினுங்குவது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்.

ஹெட் மட்டும் மாற்றுகிறவர்கள் அடிக்கடி மறப்பது, எல்லா சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டை. இன்லெட் வால்வு மூடாமல் நின்றிருந்தால், மேலே வரும் பிஸ்டன், உடைந்த வால்வுத் துண்டுகளை மேனிஃபோல்டுக்குள் ஊதித் தள்ளியிருக்கும். பக்கத்து சிலிண்டர் அதை உறிஞ்சிக்கொள்ளக் காத்திருக்கும். கழற்றித் தலைகீழாகக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கிலுகிலுத்தால், புது ஹெட்டை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள்.