யாழ்ப்பாணத்தில வடிசாலைக்குப் பக்கத்து வளவுக்காரருக்கு: ஈபிஎல் (சுற்றாடல் உரிமப்பத்திரம்) இருக்கெண்டு சொன்னா நம்பிப் போட்டு வராதேங்கோ

கிணத்துத் தண்ணி மணக்குது, வாளியில அள்ளினா தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கிடக்கு, பக்கத்தில சாராய வடிசாலை. போய்க் கேட்டா "எங்களிட்ட லைசன்ஸ் இருக்கு" எண்டு ஒரு பேப்பரைக் காட்டி அனுப்பி விடுவினம், சனமும் பேசாம வந்திடும். லைசன்ஸ் இருக்கிறது ஒண்டு, கழிவுத்தண்ணி சுத்தமாகி வெளியில போறது வேற ஒண்டு.

முதல் அது என்ன பேப்பர் எண்டு பாருங்கோ. மதுவரித் திணைக்களம் குடுக்கிறது வடிக்கிறதுக்கு. உங்களுக்கு வேண்டியது சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரம், கந்தோரில எல்லாரும் ஈபிஎல் எண்டுதான் சொல்லுவினம், 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில வாறது. இப்போதைக்குச் சட்டக்கதை இவ்வளவும் காணும். காட்டினது ஈபிஎல் எண்டா திகதி முடிஞ்சிட்டுதா எண்டு பாருங்கோ, பின்னால இருக்கிற நிபந்தனைகளையும் வாசியுங்கோ, முன்பக்கத்தை மட்டும் பிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம்.

வடிச்சு முடிய மிஞ்சிற தண்ணி சும்மா அழுக்குத்தண்ணி இல்லை. கரும்புப்பாகில வடிக்கிற இடமெண்டா ஒரு லீற்றர் அல்ககோலுக்கு 8 இல இருந்து 15 லீற்றர் கழிவு வரும், சூடா, புளிப்பா, கடும் மண்ணிறமா. அதின்ர பிஓடி, அதாவது அழுக்கைத் தின்ன பக்ரீரியாவுக்குத் தேவைப்படுற ஒட்சிசன், ஒரு லீற்றருக்கு 40,000 மில்லிகிராமுக்கு மேலயும் போகும். ஆறுகுளத்துக்கு விட நம்மட நாட்டு எல்லை 30. கள்ளு வடிக்கிற இடத்தில நிறம் குறைவு, ஆனா அதுவும் லேசான கழிவு இல்லை.

இதுக்குத்தான் பயோலொஜிக்கல் ட்ரீற்மென்ற். முதல் காத்துப் படாத மூடின ராங்க், அதில பக்ரீரியா அழுக்கில பெரும்பங்கைத் தின்று மீதேன் காஸ் ஆக்கும், அதைக் கொதிகலனுக்கு எரிக்கலாம். பிறகு காத்தடிக்கிற ராங்க், அதுக்கு இரவுபகலா மோட்டர் ஓட வேணும். அங்கதான் கள்ளம் நடக்கிறது, கரண்ட் பில்லுக்காக மோட்டரை நிப்பாட்டிப் போடுவினம். மற்றது, முதல் ராங்கில இருக்கிற பக்ரீரியா நோஞ்சான், சீசன் முடிஞ்சு மாசக்கணக்காப் பூட்டி வச்சிட்டுத் திறந்த கையோட முழுக்கழிவையும் ஊத்தினா புளிப்பேறிச் செத்துப்போகும், திரும்ப வளர்க்கக் கிழமைக்கணக்கு, சிலநேரம் மாசக்கணக்கு வேணும். ராங்க் கட்டி வச்சிருக்கினம் எண்டதுக்காக அது வேலை செய்யுது எண்டு நினைக்க வேண்டாம். அழுகின முட்டை மணம் விடாமல் வந்தா திகதி, நேரம் போட்டு எழுதி வையுங்கோ.

இனி அலைச்சல். பிரதேச சபைக்குப் போனா பிஎச்ஐயிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) போகச் சொல்லுவினம், பிஎச்ஐ ஜிஎஸ்ஸின்ர (கிராம சேவகர்) கடிதம் கேப்பார், ஜிஎஸ் "ஐயா, இது என்ர கையில இல்லை, பிரதேச செயலகத்தில குடுங்கோ" எண்டுவார். வயசுபோன மனிசர் சைக்கிளில கந்தோர் கந்தோரா உலைஞ்சு கடைசியில கிணத்தை மூடிப்போட்டு இருந்ததைக் கண்ணால கண்டிருக்கிறன். வர்த்தமானியில தொழில்களை ஏ, பி, சி எண்டு பிரிச்சவை. பிரதேச சபை ஈபிஎல் குடுக்கிறது சி பிரிவுக்கு மட்டும். வடிசாலையைப் போட்டது ஏ பிரிவில, அது மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர வேலை. நேரா அவையின்ர யாழ் மாவட்டக் கந்தோருக்குப் போங்கோ.

வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ. கடிதம் ரெண்டு கொப்பி, ஒண்டில சீல் குத்தித் திகதி போட்டுத் தரச் சொல்லுங்கோ, "சேர் மீற்றிங்கில" எண்டா பதிவுத்தபாலில போடுங்கோ.

சாம்பிள் விசயத்தில கவனம். சொல்லிப்போட்டு வந்து கடைசி ராங்கில எடுத்தா றிப்போட் வடிவாத்தான் வரும். கழிவு வளவை விட்டு வெளியேறுற வாயில, வேலை நடக்கிற நாளில எடுக்கச் சொல்லிக் கடிதத்திலயே எழுதுங்கோ. இன்னொண்டு ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம்: அந்த 30 எண்ட பிஓடி எல்லை, போய்ச் சேருற நல்லதண்ணி கழிவைப்போல 8 மடங்காவது இருக்குமெண்ட கணக்கில வச்சது, தண்ணி குறைஞ்சா எல்லையும் இறங்க வேணும். யாழ்ப்பாணத்தில எங்க ஆறு? மழைக்கு ஓடுற வழுக்கையாறை விட்டா ஒண்டுமில்லை. மண் கொஞ்சம், கீழ வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல்லு, ஊத்தினது வடிகட்டுப்படாமல் நேரா கிணத்துக்கு இறங்கும். "30க்குள்ள இருக்கு" எண்டு றிப்போட்டைக் காட்டினா, எந்தத் தண்ணியில கலக்குது எண்டு கேளுங்கோ.

கிணத்துத்தண்ணி ரெஸ்ற் எடுக்கேக்கயும் ஒரு பொறி இருக்கு. கிருமி ரெஸ்ற் மட்டும் எடுத்தா கொலிபோம் (மலத்தில இருக்கிற கிருமி வகை) வரும், யாழ்ப்பாணத்தில கனக்கக் கிணத்தில அது இருக்கு, உடன "உங்கட மலக்குழிதான் காரணம்" எண்டு பைலை மூடிப்போடுவினம். சிஓடி (பிஓடி மாதிரி அழுக்கின்ர அளவைக் காட்டுறது), நிறம், பிஎச் (புளிப்பின்ர அளவு), மின்கடத்துதிறன் (கரைஞ்ச உப்பின்ர அளவைக் காட்டுறது), பொட்டாசியம் எண்டு பேர் சொல்லிக் கேட்டு எடுங்கோ. தள்ளி இருக்கிற ஒரு கிணத்துத் தண்ணியும் சேத்து எடுத்தாத்தான் ஒப்பிட்டுக் காட்டலாம்.

அதிகாரசபை பதில் தராட்டி 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில, அங்க இருக்கிற தகவல் அலுவலருக்குத் தமிழிலயே விண்ணப்பம் போடுங்கோ. ஏன் கேக்கிறியள் எண்டு சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும், மறுத்தா 14 நாளுக்குள்ள மேன்முறையீடு. ஆனா "என்ர கிணறு ஏன் பழுதாப் போச்சு" எண்டு கேட்டா அப்பிடி ஒரு தகவல் எங்களிட்ட இல்லை எண்டு தள்ளிவிடுவினம். பேப்பரைக் கேளுங்கோ: நிபந்தனையோட ஈபிஎல் கொப்பி, போன வருசத்துக் கழிவுத்தண்ணி றிப்போட்டுகள், சாம்பிள் எடுத்த இடம், பரிசோதனைக்கு வந்த திகதிகள்.

அதுகளும் ரெஸ்ற் றிப்போட்டும் கையில வந்தாப் பிறகு அயல்வீட்டுக்காரரையும் சேத்துக்கொண்டு ஒரு லோயரைப் பாருங்கோ, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 98ஆம் பிரிவில பொதுத்தொல்லை எண்டு நீதவான் நீதிமன்றத்தில போடலாம். அதுவரைக்கும் அந்தத் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கலாம் எண்டு ஆராவது சொன்னா கேக்காதேங்கோ, கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், கழிவு அப்பிடியே கிடக்கும்.