நண்டு எதுக்கு உருண்டை பிடிக்குது?

பாக் விரிகுடா கரையில் தண்ணீர் வற்றியதும் ஈரமணலில் சின்னச் சின்ன வளைகள் தெரியும். வளையைச் சுற்றி மிளகு அளவில், சில இடங்களில் பட்டாணி அளவில், மணல் உருண்டைகள் கிடக்கும். பெரியவர்கள் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். நாலு வயசுப் பிள்ளை அங்கேயே குந்திவிடும். "டீச்சர், நண்டு எதுக்கு உருண்டை பிடிக்குது?"

விடை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இந்தக் குட்டி நண்டுகள் ஈரமணலை அள்ளி வாயில் வைத்து, அதில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியையும் மக்கிய துணுக்குகளையும் பிரித்துத் தின்றுவிட்டு, மிச்ச மணலை உருட்டிப் போடுகின்றன. சொல்லி முடிக்கப் பத்து வினாடி போதும். பிள்ளையின் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கும் கல்விமுறையின் சூட்சுமமே அந்தப் பத்து வினாடியில்தான் இருக்கிறது. உடனே சொல்வதா, கொஞ்சம் பொறுப்பதா?

கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வித்தை காட்டினார்கள். ஆய்வு வெளியானது 2015-இல். சில குழந்தைகள் பார்க்க, பந்து சுவரை ஊடுருவிப் போனது. வேறு சிலர் பார்க்க, பொம்மைக் கார் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பொருளையே கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவை கீழே போட்டுப் பார்த்தன. இன்னும் பேச்சே வராத வயசு! ஆனாலும் எது விசித்திரமாகப் பட்டதோ அதற்கேற்ற சோதனையைத்தான் செய்தன.

பள்ளிக்குப் போகுமுன் உள்ள வயதில் இது இன்னும் கூர்மையாகிறது. லாரா ஷுல்ஸ், எலிசபெத் போனவிட்ஸ் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பெட்டி வருகிறது. அதில் இரண்டு நெம்புகோல்கள். அழுத்தினால் மேலே இரண்டு பொம்மைகள் எட்டிப்பார்க்கும். சில பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நெம்புகோலாக அழுத்திக் காட்டினார்கள். சிலருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். எது எதை எழுப்பியது என்று தெரியாது. அப்புறம் அந்தப் பெட்டியோடு புதுப் பெட்டி ஒன்றையும் முன்னால் வைத்தார்கள். விஷயம் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகள் புதுசுக்குத் தாவின. குழம்பிய பிள்ளைகளோ பழைய பெட்டியோடுதான் அதிக நேரம் மல்லுக்கட்டின.

ராமேசுவரம் தீவுப் பிள்ளைகளுக்கு இதுபோன்ற புதிர் வாசலிலேயே கிடக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. முன்னதை ஆண்கடல், பின்னதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே அலை அடிப்பதற்குக் கடல் காரணமா, காற்று காரணமா? தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மட்டும் பார்த்தால் பிரித்தறிய வழியே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வாடையாகத் திரும்பியதும் பெண்கடல் பொங்கும், ஆண்கடல் அடங்கும். பிள்ளைக்குக் குழப்பம் வர வேண்டிய இடம் அதுதான்.

சரி, பெரியவர் குறுக்கே வந்து விளக்கிவிட்டால் என்ன நஷ்டம்? இதையும் போனவிட்ஸும் கூட்டாளிகளும் 2011-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். குழாய் குழாயாக ஒரு விளையாட்டுச் சாமான். ஓரிடத்தில் இழுத்தால் கீச்சென்று கத்தும். அதுபோக ஒளிந்திருக்கும் வேலைகள் இன்னும் மூன்று. "இது எப்படி வேலை செய்யுது, பார்" என்று கீச்சொலியைச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு எழுந்துவிட்டன. தற்செயலாகக் கத்தியதுபோல் காட்டப்பட்ட பிள்ளைகள் அதிக நேரம் நோண்டி, ஒளிந்திருந்ததையும் அதிகம் கண்டுபிடித்தன. சொல்லிக்கொடுத்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. விவரம் தெரிந்தவர் ஒன்றைத்தான் காட்டுகிறார் என்றால் வேறு ஒன்றும் இருக்காது என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தானே.

இனி அந்த உருண்டைக்கு வருவோம். "நீ என்ன தாயி நினைக்கிற?" என்று டீச்சர் திருப்பிக் கேட்கிறார் என்று வையுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டினார். காத்திருந்தால் வரும்: "முட்டை", "வீட்டுக்குச் சுவரு", "தோண்டுன மண்ணு".

முட்டையா என்று பார்க்க ஓர் உருண்டையை உடைத்தால் போதும், உள்ளே வெறும் மணல். சுவர் என்றவரை, ஏன் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது என்று கேட்கலாம். மூன்றாவதைத் தள்ளுவதுதான் எளிதல்ல, பெரியவர்களுக்கே அப்படித்தான் தோன்றும். ஒரு வளையைச் சுற்றியிருக்கும் உருண்டைகளை உள்ளங்கையால் தடவிச் சமமாக்கிவிட்டு, நிழல் படாத தூரத்தில் எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டும். முதலில் கண்கள் எட்டிப்பார்க்கும். அப்புறம் பக்கவாட்டில் ஓடிவந்து, இடுக்கியால் மேல்மணலை வழித்து வழித்து வாய்க்குக் கொண்டுபோகும். வாயருகே ஓர் உருண்டை திரளும். அதைத் தள்ளிவிட்டு அடுத்த வாய். "வாயிலேருந்து வருது!" என்று ஒருத்தி கத்துவாள், நண்டு உள்ளே ஓடிவிடும். இப்போது பாசியைப் பற்றிச் சொல்லலாம். அவள் காது இப்போதுதான் அதற்குத் திறந்திருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆராய்ச்சிக்கும் இல்லை. 164 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2011-இல் வெளியான கட்டுரையின் முடிவு இது: துணையே இல்லாமல் தேட விடுவதைவிட நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது மேல். தூண்டியும் திருத்தியும் கூட நின்று தேட வைப்பது மற்ற முறைகளைவிட மேல். அதோடு, "அ" என்ற எழுத்தின் வடிவத்தை எந்த மணலைத் தோண்டியும் கண்டுபிடிக்க முடியாது. அது மனிதர்கள் போட்டுக்கொண்ட ஏற்பாடு, சொல்லித்தான் தர வேண்டும். கரையில் ஒதுங்கிய சொறியை (ஜெல்லிமீனை) தொடக்கூடாது என்பதையும் அப்படித்தான். அங்கே விசாரணைக்கு இடமில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் அங்கன்வாடி நேரப்பட்டியல். கடல் வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வற்றியிருக்கும் கரை, அடுத்த திங்கள் அதே பத்து மணிக்கு ஏற்றத்தில் இருக்கும். உருண்டையும் இருக்காது, நண்டும் வெளியே வராது. "கடற்கரை: 10 மணி" என்று நிரந்தரமாக எழுதி ஒட்டினால் வாரம் விட்டு வாரம் ஏமாற்றம்தான். நேரத்தைக் கடலுக்குப் போகிற வீட்டுக்காரர்களிடம் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.